ஒலியன் முதல் வழக்கு வரை: வாசகர் கேள்வி – பதில்

மொழியியல் கலைச்சொற்கள் பற்றி வந்த கேள்விகளில் அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஒலியன், மாற்றொலி இரண்டின் வரையறையும் மனப்பாடம். ஆனால் சொற்பட்டியலைக் கொடுத்து ‘ஒலியன்களைக் கண்டுபிடி’ என்றால் கை ஓடவில்லை. எங்கே தொடங்குவது? (இளங்கலைத் தமிழ் மாணவி, திருநெல்வேலி)

பொருளை வேறுபடுத்தும் ஒலி அலகு ஒலியன், இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவம் மாற்றொலி என்ற வரையறையைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகரம் போதும். பல், அப்பா, நட்பு, கற்பு, கம்பு, அன்பு, மார்பு. இந்த ஏழையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது குரல்வளைமேல் இரண்டு விரல் இருக்கட்டும். முதல் நான்கில், உதடு மூடியிருக்கும் அந்தக் கணத்தில் விரலுக்கு அதிர்வு தட்டுப்படாது. கடைசி மூன்றில் அதிர்வு அறுபடாமல் ஓடும். முதல் வகை ஒலிப்பிலா ஒலி, இரண்டாவது வகை ஒலிப்புடை ஒலி. எழுத்து ஒன்றுதான், வாயில் பிறப்பது இரண்டு.

அடுத்த வேலை, எந்த ஒலி எங்கே வருகிறது என்று எழுதுவது. சொல்லின் முதலில், இரட்டிக்கும்போது, ட் ற் இவற்றுக்குப் பின்னால்: ஒலிப்பிலா ஒலி. மூக்கொலிக்குப் பின்னால், ரகரம் போன்ற இடையினத்துக்குப் பின்னால்: ஒலிப்புடை ஒலி. கோபம், சபை என உயிர்களுக்கு நடுவே வந்தாலும் ஒலிப்புடையதே. ஒன்று வரும் இடத்துக்கு மற்றது வருவதே இல்லை. இதற்குத் துணைநிலை வழக்கு என்று பெயர். இரண்டும் உதட்டில் பிறக்கும் அடைப்பொலிகள் என்பதால் ஒலியொப்புமையும் இருக்கிறது. இந்த இரண்டு நிபந்தனையும் நிறைவேறினால்தான் ‘ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலிகள்’ என்று எழுதலாம்.

ஒலியொப்புமையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஹகர ஒலி அசையின் முதலில் மட்டும் வரும், ஙகர ஒலி அசையின் இறுதியில் மட்டும் வரும். துணைநிலை வழக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதற்காக இரண்டையும் ஒரே ஒலியன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று மூச்சு, மற்றது மூக்கொலி.

எதிர்ப்பக்கச் சோதனை: தோல் – தோள், மனம் – மணம், வலி – வளி – வழி. மற்ற ஒலிகள் எல்லாம் அப்படியே இருக்க, ஒரே இடத்தில் ஓர் ஒலி மாறுகிறது, பொருளும் மாறிவிடுகிறது. இது வேற்றுநிலை வழக்கு. ஆகவே ல, ள, ழ தனித்தனி ஒலியன்கள். இணை தேடும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒலிப்பிலா ஒலியும் ஒலிப்புடை ஒலியும் வேறு வேறு ஒலியன்கள் என்று காட்டக் கம்பு – கப்பு என எழுதுகிறார்கள். அங்கே பகரம் மட்டும் மாறவில்லை, அதற்கு முன்னிருக்கும் மெய்யும் மாறிவிட்டது. இரண்டு இடம் மாறினால் அந்த இணை செல்லாது.

எழுதும் முறைக்கும் மதிப்பெண் உண்டு. ஒலியன் சாய்கோடுகளுக்குள், மாற்றொலி சதுர அடைப்புக்குள், உருபன் (இதைப் பின்னால் விளக்குகிறோம்) நெளிவு அடைப்புக்குள். விடை சரியாக இருந்தும் அடைப்பு மாறிப்போனால், பொருளே மாறிவிட்டது என்றுதான் திருத்துபவர் எடுத்துக்கொள்வார்.

கேள்வி: பஸ், பீடி, பேங்க் என்று சொல்லும்போது சொல்லின் முதலிலேயே ஒலிப்புடை ஒலி வருகிறதே. அப்படியானால் முந்தைய விதி உடைந்துவிட்டதா? (ஆசிரியர், கோவை)

பழைய தமிழ்ச்சொற்களின் அளவில் விதி உடையவில்லை. கடன் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால், பலருடைய பேச்சில் உடைந்துதான் இருக்கிறது. பாவம் என்று எழுதுகிறோம். ‘பாவம், பசியாக இருக்கிறான்’ என்னும்போது ஒலிப்பில்லாமல் தொடங்குகிறோம். முகத்தில் காட்டும் பாவம் என்னும்போது ஒலிப்போடு தொடங்குகிறோம். கண்டம் என்ற சொல்லும் அப்படித்தான்: ஆசியக் கண்டம் ஒருவிதம், சாதகத்தில் சொல்லும் கண்டம் இன்னொருவிதம். இந்த வேறுபாட்டைத் தவறாமல் ஒலிப்பவருக்கு இரண்டும் இரண்டு ஒலியன்கள். எழுத்து அதைக் காட்டவில்லை என்பது எழுத்துமுறையின் செய்தி, ஒலியனின் செய்தி அன்று.

எல்லாரும் இப்படி ஒலிப்பதில்லை. பஸ்ஸை ஒலிப்பிலா ஒலியோடு தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஆய்வேட்டில் பழஞ்சொற்களையும் கடன் சொற்களையும் இரண்டு பட்டியலாகப் பிரித்து, ஒலியன் தொகுதியையும் இரண்டு அடுக்காகக் காட்டுங்கள். கலந்து எழுதினால் எந்த விதியும் நிற்காது. தமிழ் வல்லினம் இடத்துக்கேற்ப ஒலிப்புடையதாகவும் ஒலிப்பிலாததாகவும் மாறுவதை 1856-இல் வெளிவந்த தம் திராவிட ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் விதியாகவே வகுத்துக் காட்டினார்.

கேள்வி: தமிழில் மொத்தம் எத்தனை ஒலியன்கள்? ஒரு நூலில் ஒரு கணக்கு, இன்னொன்றில் வேறு கணக்கு. எதை எழுதுவது? (போட்டித் தேர்வு எழுதுபவர், மதுரை)

எந்தத் தமிழ் என்று சொல்லாமல் எண்ணிக்கை சொல்ல முடியாது. நூல்கள் முரண்படுவதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். எழுத்துத் தமிழை எடுத்தால் உயிர் பத்து என்பது பரவலான முடிவு. ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்ற தொடராகக் கொண்டு தனி ஒலியனாக எண்ணாமல் விடுவார்கள். நகரமும் னகரமும் ஏறக்குறையத் துணைநிலை வழக்கில் இருக்கின்றன. நகரம் சொல் முதலிலும் தகரத்துக்கு முன்னும், னகரம் மற்ற இடங்களில். ஆகவே ஒன்றாக எண்ணுபவர்கள் உண்டு. முந்நூறு (300), முன்னூறு (முன்னால் உள்ள நூறு) என்ற இணையைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் வாயில் இந்த இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. மலையாளத்தில் நிலைமை நேர்மாறு. எழுத்து ஒன்று, ஒலியன் இரண்டு. ஒரே மாதிரி எழுதும் ஒரு சொல்லில், ‘என்னால்’ என்ற பொருளில் நுனிநா அண்ணத்தைத் தொடும் ஒலி, ‘என்றால்’ என்ற பொருளில் பல்லைத் தொடும் ஒலி.

பேச்சுத் தமிழுக்குப் போனால் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். மதுரைப் பக்கம் வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகும்போது ழகரம் ளகரத்தில் கரைந்துவிடுகிறது. சென்னையின் பழைய பேச்சில் யகரத்தில் கரைகிறது. அரை – அறை வேறுபாடு தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் காதுக்கு இல்லை, குமரி மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. கரைந்த ஒலியனை ‘இருக்கிறது’ என்று எழுதினால் அது எழுத்தைப் பார்த்து எழுதிய விடை.

குறைவது மட்டுமில்லை, கூடுவதும் உண்டு. வந்தான், வந்தாள், வந்தால் மூன்றையும் சாதாரணப் பேச்சு வேகத்தில் சொல்லிப் பாருங்கள். வந்தாள், வந்தால் இரண்டும் ‘வந்தா’ என்றே முடியும். வந்தான் மட்டும் ‘வந்தா’ என்பதன் கடைசி உயிரை மூக்கால் ஒலித்து முடியும். னகரம் தனியாக ஒலிக்காது, நாக்கு மேலே போய்த் தொடவே தொடாது. அப்படியானால் அவன் வந்ததற்கும் அவள் வந்ததற்கும் இடையே காதுக்குக் கிடைப்பது மூக்கொலி கலந்த உயிரும் கலவாத உயிரும் மட்டுமே. ஓர் ஒலி மாறப் பொருள் மாறுகிறது, எனவே மூக்குயிர் தனி ஒலியன் என்பது ஒரு தரப்பு.

இன்னொரு தரப்பு இப்படிக் கேட்கும்: பின்னால் ஓர் உயிரைச் சேர்த்தால் என்ன ஆகிறது? வந்தானா, வந்தாளா, வந்தாலும். ன், ள், ல் மூன்றும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுகின்றன. எங்கும் போகாமல் அடிநிலை வடிவத்தில் இருந்திருக்கின்றன. சொல்லின் இறுதியில் மட்டும் மறைகின்றன. இந்த வாதத்தில் புது ஒலியனுக்குத் தேவையில்லை, ஒரு விதி போதும். எங்களுக்கு இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது, ஏனென்றால் மறைந்த மெய் எது என்பதை வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க இயலாது. தேர்வில் இரண்டையும் எழுதி, எதை ஏற்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லுங்கள்.

கேள்வி: உருபு, உருபன், மாற்றுருபு. மூன்றும் ஒன்றா? வேற்றுமை உருபு என்பதும் இதில்தான் வருகிறதா? (முதுகலை மாணவர், தஞ்சாவூர்)

பெரிய குழப்பமே பெயரில்தான். மரபிலக்கணத்தில் உருபு என்றால் பெரும்பாலும் வேற்றுமை உருபு: ஐ, ஆல், கு. மொழியியலில் உருபு என்றால் பொருளோ இலக்கணப் பணியோ தரும், மேலும் பிரிக்க இயலாத எந்தத் துண்டும். அது வினையடியாக இருக்கலாம், விகுதியாக இருக்கலாம். ஒரே பணியைச் செய்யும் உருபுகளைச் சேர்த்து ஒரு குடும்பமாக எண்ணினால் அந்தக் குடும்பம் உருபன். குடும்பத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் மாற்றுருபு. கட்டுரையின் தொடக்கத்திலேயே எந்தப் பொருளில் ‘உருபு’ என்கிறீர்கள் என ஒரு வரி எழுதிவிடுங்கள்.

‘மரம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். தனியாக நின்றால் மரம். மரங்கள் என்னும்போது மரங். மரத்தை என்னும்போது மரத்து. மரப்பெட்டி என்னும்போது மர. நான்கு வடிவம், உருபன் ஒன்று. மரபிலக்கணம் மரத்தை என்பதை மரம் + அத்து + ஐ என்று பிரித்து, அத்தைச் சாரியை என்னும். இரண்டு பிரிப்பும் செல்லும். ஒன்றில் அத்து பொருளற்ற தனித் துண்டு, மற்றதில் பெயரின் திரிந்த வடிவத்தின் பகுதி. ஒரே விடையில் இரண்டையும் கலப்பதுதான் பிழை. அப்படிக் கலந்தால் துண்டுகளின் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும்.

இறந்தகால இடைநிலையில் இது இன்னும் சுவையாகிறது. நன்னூல் த், ட், ற், இன் என்று நான்கைச் சொல்கிறது. செய்தான், உண்டான், வென்றான், ஓடினான். நடந்தான் என்பதை நட + த்(ந்) + த் + ஆன் என்று பிரித்து, முதல் த் சந்தி, அது ந் ஆனது விகாரம் என்போம். மொழியியலார் பலர் ந்த் முழுவதையும் ஒரே மாற்றுருபாக எடுத்துக்கொள்வார்கள். படித்தான் என்பதில் த்த் இன்னொரு மாற்றுருபு.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: எந்த மாற்றுருபு வரும் என்பதை எது முடிவு செய்கிறது? லகரத்தில் முடியும் வெல், கல் என்ற அடிகள் ற் எடுக்கின்றன (வென்றான், கற்றான்). ளகரத்தில் முடியும் கேள், உருள் ட் எடுக்கின்றன (கேட்டான், உருண்டான்). இது ஒலிச்சூழல் முடிவு செய்வது. ஆனால் உடை என்ற அடி ‘உடைந்தது’ என்றும் வருகிறது, ‘உடைத்தான்’ என்றும் வருகிறது. சேர்ந்தான் – சேர்த்தான் அப்படியே. அடியின் ஒலி ஒன்றுதான், ஆகவே ஒலிச்சூழல் இங்கே காரணமாக முடியாது. தானே நிகழ்வதா, இன்னொன்றின்மேல் செய்வதா என்ற வினைவகைதான் முடிவு செய்கிறது. இந்த இரண்டு வகைக் காரணத்தையும் பிரித்துச் சொல்லும் விடைக்கும், மாற்றுருபுகளை வெறுமனே அடுக்கும் விடைக்கும் உள்ள தூரம் பெரிது. சொன்னான் போன்ற எதற்கும் அடங்காத வடிவங்களைக் கடைசியில் தனியாக எழுதுங்கள், விதிக்குள் வலிந்து திணிக்க வேண்டாம்.

கேள்வி: குற்றியலுகரத்தை மாற்றொலி என்று சொல்லலாமா? (தமிழாசிரியர், திருச்சி)

எழுத்துத் தமிழின் அளவில் சொல்லலாம். வல்லின மெய்மேல் ஏறி, சொல்லின் இறுதியில், தனிக்குறில் அல்லாததன் பின் வந்தால் குற்றியலுகரம் (காடு, பாட்டு), அரை மாத்திரை. தனிக்குறிலுக்குப் பின் வந்தால் முற்றியலுகரம் (பசு, நடு). இடத்தை வைத்தே எது வரும் என்று சொல்லிவிட முடிகிறது, அதுதான் மாற்றொலியின் இலக்கணம். தொல்காப்பியம் 30 எழுத்துகளைத் தனியாகவும் குற்றியலுகரம் உள்ளிட்ட மூன்றைச் ‘சார்ந்து வரும்’ எழுத்துகளாகவும் பிரித்திருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் புணர்ச்சியில் இரண்டும் வேறாக நடக்கின்றன. காடு + இல்லை = காடில்லை என்று உகரம் போய்விடுகிறது; பசு + இல்லை = பசுவில்லை என்று உகரம் நிற்க, வகரம் உடன்படுமெய்யாக வருகிறது. இன்றைய பேச்சில் ‘அது’ என்பதன் உகரமும் இதழ் குவியாமலே ஒலிக்கிறது, ஆகவே பேச்சுக்கு இந்த விதியை அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ‘பழைய புத்தகக் கடை’ என்பதில் பழையது எது? இலக்கணத்தில் இதற்கு விடை உண்டா? (வாசகர், சென்னை)

உண்டு. அண்மையுறுப்பு என்ற கருத்து இதற்குத்தான். ‘புத்தகக் கடை’ முதலில் சேர்ந்து, பிறகு ‘பழைய’ வந்து சேர்ந்தால் கடை பழையது. ‘பழைய புத்தகம்’ முதலில் சேர்ந்து, பிறகு ‘கடை’ சேர்ந்தால் புத்தகம் பழையது. சொற்களும் வரிசையும் ஒன்றே, சேரும் ஒழுங்குதான் வேறு. நடுவே ஒரு சொல்லை நுழைத்துச் சோதிக்கலாம்: ‘பழைய, மூன்று மாடிப் புத்தகக் கடை’ என்றால் இரண்டாவது பொருள் மறைந்துவிடும். ‘பழைய இரும்புக் கடை’ என்ற பலகையைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. அமைப்பில் அங்கேயும் இரண்டு பொருள் இருக்கத்தான் செய்கிறது, உலக அறிவு ஒன்றைத் தள்ளிவிடுகிறது.

கேள்வி: ‘ஆறு’ என்பது ஒரே சொல்லுக்கு இரண்டு பொருளா, இரண்டு சொற்களா? (பள்ளி மாணவி, சேலம்)

இரண்டு சொற்கள். நிரூபிக்கவும் முடியும்: வேற்றுமை உருபைச் சேருங்கள். நதியென்றால் ‘ஆற்றில் குளித்தான்’. எண்ணென்றால் ‘ஆறில் ஒரு பங்கு’. ஒன்று இரட்டிக்கிறது, மற்றது இரட்டிக்கவில்லை. ‘ஆற்றை இரண்டால் வகு’ என்று எந்தக் கணக்கு ஆசிரியரும் சொல்ல மாட்டார். படி என்பதும் அப்படித்தான்: பாடத்தைப் படித்தான், தூசி படிந்தது. இவை ஒத்தவடிவச் சொற்கள்.

கண் வேறு வகை. முகத்தின் கண், தேங்காயின் கண், வலையின் கண். எல்லாவற்றுக்கும் ஒரே உருவ ஒப்புமை ஓடுகிறது, உருபேற்பதிலும் வேறுபாடு இல்லை. இது ஒரே சொல்லின் பல்பொருண்மை. அகராதியில் முதல் வகைக்குத் தனித்தனிப் பதிவு, இரண்டாம் வகைக்கு ஒரே பதிவில் 1, 2, 3 என்ற எண்கள். நல்ல அகராதியைத் திறந்து ‘படி’யைப் பாருங்கள், தொகுத்தவர்கள் எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

கேள்வி: பொருண்மையியலுக்கும் பயன்வழியியலுக்கும் என்ன வேறுபாடு? ஓர் எடுத்துக்காட்டு போதும். (வாசகர், யாழ்ப்பாணம்)

‘நம்ம வீட்டுக்கு வாங்க.’ நாம் என்பது கேட்பவரையும் உள்ளடக்கும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. நாங்கள் என்பது அவரை விலக்கும் தனித்தன்மைப் பன்மை. பொருண்மையியல் சொல்வது இதுவரை. இதன்படி, உங்களுக்குப் பங்கில்லாத என் வீட்டை ‘எங்க வீடு’ என்றுதான் நான் சொல்ல வேண்டும். ஆனாலும் அழைக்கும்போது ‘நம்ம வீடு’ என்கிறோம். உங்களையும் வீட்டு ஆளாக ஆக்கிக்கொள்ளும் அந்தச் செயல் சொல்லின் பொருளில் இல்லை, சொல்லைப் பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. பயன்வழியியலின் எல்லை அங்கே தொடங்குகிறது.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவதால் இன்னொன்று. அ, இ, உ மூன்றையும் தொல்காப்பியம் சுட்டு என்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்துவிட்டது. உங்கள் ஊரில் ‘உது’, ‘உவன்’ இன்றும் புழங்குகின்றன. உங்கள் வீட்டார் எந்தப் பொருளை, எங்கே வைத்து, யாரிடம் பேசும்போது ‘உது’ என்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பதா, கண்ணுக்கு மறைவானதா, சற்றுமுன் பேசப்பட்டதா என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுதினால் அதுவே ஒரு நல்ல ஆய்வுக் குறிப்பு.

கேள்வி: பேச்சு வழக்கை ஒலிப்பதிவு செய்து ஒலியன் ஆய்வு செய்ய விரும்புகிறேன். கைபேசி போதுமா? (ஆய்வு மாணவர், நாகர்கோவில்)

போதும், அமைப்பைச் சரிசெய்தால். எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் பதியுங்கள். கைபேசியை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் பகரத்தின் காற்று மோதி ‘டப்’பென்ற சத்தம் ஏறும். மின்விசிறியை நிறுத்துங்கள். முதலில் பேசுபவரின் சம்மதம் வாங்குங்கள். ஊர், வயது, தொழில் குறித்தால் போதும், பெயர் தேவையில்லை.

சொல்லை எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்தைக் கண்டதும் மதுரைக்காரருக்கும் ழகரம் வந்துவிடும். வாழைப்பழத்தின் படத்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்ல வைத்து நடுவிலுள்ளதை எடுங்கள். முதலாவதில் தயக்கம் இருக்கும், கடைசியில் குரல் இறங்கிவிடும். சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைப்பதானால் அதற்கு முன் மூக்கொலியில் முடியும் சொல் வர விடாதீர்கள். ‘நான் பல்’ என்று வந்தால் அந்த மூக்கொலியின் அதிர்வு பகரத்துக்குள் கசியக்கூடும்.

ஆராய, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் போயர்ஸ்மாவும் வீனிங்கும் உருவாக்கிய பிராட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒலிநிழற்படத்தில் (ஒலியின் அதிர்வெண்களை நேரவாரியாகக் காட்டும் படம்) கம்பு என்பதன் பகர அடைப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் மெல்லிய கருப்புப் பட்டை ஓடினால் ஒலிப்புடை ஒலி, அந்த இடம் வெறுமையாக இருந்தால் ஒலிப்பிலா ஒலி. சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் எதிரொலி அந்த வெறுமையை நிரப்பி ஏமாற்றும். பதிவதற்கு முன் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலி தங்கி நின்றால் வேறு அறைக்குப் போங்கள், அல்லது சுவரோரம் இரண்டு போர்வையைத் தொங்கவிடுங்கள்.